சைலன்சர் ஒன்றா, இரண்டா? பின்னால் நின்று எண்ணாதீர்கள்

"ரெண்டு சைலன்சர் இருக்கு, பவர் ஜாஸ்தியாத்தான் இருக்கும்." வண்டிக்குப் பின்னால் போய் நின்று இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு விடாமல், ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்றுக்கு இரண்டாவது சைலன்சரும் மாட்டிப் பார்த்தேன். நிறுத்தி வைத்துப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது கியரில் சளைக்காமல் ஏறிய மேட்டில், அதே வண்டி இரண்டாவது கியருக்கு இறக்கச் சொல்லிக் கெஞ்சியது. பாதித் தப்பு குழாயின் விட்டத்தில், மீதி என் அவசரத்தில்.

முதன்முறையாக எக்ஸாஸ்ட்டில், அதாவது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்களில், கை வைக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். பைக், கார் இரண்டுக்கும் பொருந்தும். எங்கே வித்தியாசப்படுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதல் படி: குனிந்து பாருங்கள்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு டார்ச், ஒரு தாள், ஒரு பேனா போதும். பின்னாலிருந்து தொடங்காதீர்கள். சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் தலைப்பகுதியில்) இருந்து தொடங்கி, குழாய் போகிற வழியிலேயே போங்கள். ஹெட்டில் எத்தனை எக்ஸாஸ்ட் வாய்கள், அவற்றிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப் எத்தனை, அவை எங்கே சேர்கின்றன, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே, சைலன்சர் எத்தனை, கடைசியில் வாய் எத்தனை என்று ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொள்ளுங்கள்.

படம் போட்டு முடித்ததும் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும். காரின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வாய் இருக்கும். உள்ளே பார்த்தால் ஒரே குழாய் வந்து, குறுக்கே படுத்திருக்கும் ஒரே சைலன்சருக்குள் நுழைந்து, அதன் இரு முனைகளிலும் வெளியே வந்திருக்கும். அது இரட்டை வாய், இரட்டை எக்ஸாஸ்ட் அல்ல. இன்னும் சில கார்களில் பம்பரில் இருப்பது வெறும் குரோம் சட்டம்தான். அசல் குழாய் அதற்குப் பின்னால் தரையைப் பார்த்து வளைந்து ஒளிந்திருக்கும். நிஜமான இரட்டை என்றால் ஹெட்டிலிருந்து கடைசி வரை இரண்டு தனித்தனி வழிகள். பெரும்பாலும் வி6, வி8 இன்ஜின்களில் பார்க்கலாம் (ஆறு அல்லது எட்டு சிலிண்டர்கள் ஆங்கில 'V' போல இரண்டு பக்கமாக நிற்பவை). அதிலும் பல வண்டிகளில் நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். 'எச்' போல இருந்தால் எச் பைப், 'எக்ஸ்' போல இருந்தால் எக்ஸ் பைப்.

பைக்கில் கூத்து இன்னும் அதிகம். பழைய ஜாவா 250க்கு சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. அந்த ஒரே சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வாய் இரண்டு என்பதால் அது நியாயமான இரட்டை. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750க்கு நான்கு சிலிண்டர், நான்கு சைலன்சர். அதே கம்பெனி 1975-இல் சிபி400எஃப்-இல் நான்கு குழாய்களையும் ஒரு பக்கமாக வளைத்துக் கொண்டுபோய் ஒன்றில் சேர்த்தது. அந்த வளைவின் அழகை இன்றைக்கும் பேசுகிறார்கள். கவாசாகி எச்1-க்கு மூன்று சிலிண்டர் என்பதால் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இவை போதும்.

இரண்டு வாயும் நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்று பார்க்க, திறந்தவெளியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு வாய்க்கும் நேராக ஒரு டிஷ்யூ தாளைக் குச்சியில் மாட்டிப் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் படபடத்தால் உடனே அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். குறைந்த வேகத்தில் ஒரு பக்கத்தை மூடி, வேகம் ஏறியதும் திறக்கும் வால்வு சில கார்களில் கம்பெனியே வைத்திருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

எக்ஸாஸ்ட் புகை குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை. விட்டுவிட்டு, குப் குப் என்று வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை மூச்சு விடும். பிஸ்டன் கீழே போய்ச் சேர்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. அதனால் புகை வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வெடிப்பு ஓர் அழுத்த அலையைக் குழாயில் விரட்டுகிறது. சூடான வாயுவில் அந்த அலை நொடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். புகை அதன் பின்னால் சாவகாசமாக வரும்.

அலை ஓடிப்போய்க் குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தையோ, திறந்த முனையையோ தொட்டதும், ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வரும். அது வால்வை வந்து தொடும் நேரத்தில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் போட்டு, புதுக் காற்றையும் உள்ளே இழுத்து வைக்கும். சும்மா கிடைக்கும் பலம் அது. ஆனால் சரியான நேரத்துக்கு வந்தால்தான். குழாயின் நீளம் மாறாது, இன்ஜினின் சுற்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் குழாயும் ஒரு வேகத்தில் கைகொடுக்கும், இன்னொன்றில் காலை வாரும். எல்லா வேகத்திலும் பவர் கூட்டும் சைலன்சர் என்று யாராவது விற்றால் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது பக்கத்துச் சிலிண்டர்கள். ஒரே குழாயில் சேரும் சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று உதவவும் செய்யும், இடிக்கவும் செய்யும். சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-3-4-2. இதில் ஒன்றும் நான்கும் சரியாக ஒரு சுற்று இடைவெளியில் மூச்சு விடும். இரண்டும் மூன்றும் அப்படியே. இந்த ஜோடிகளை முதலில் சேர்த்து, பிறகு இரண்டையும் ஒன்றாக்கினால் அதுதான் 4-2-1. நடு வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1, மேல் வேகத்துக்கு ஏற்றது. இந்த உதவியை எல்லாம் விட்டுவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து வந்த குழாயைப் பின்னால் இரண்டாகப் பிரிப்பதால் வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள காருக்குப் பவரில் கிடைக்கப்போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

வி6 வேறு. வழக்கமான வி6-இல் ஒவ்வொரு பக்கமும் மூன்று சிலிண்டர், கிராங்க் 240 டிகிரி திரும்புவதற்கு ஒன்றாகச் சீராக மூச்சு விடும். பக்கத்துக்கு ஒரு குழாய் என்பது அதற்கு இயல்பாகவே ஒத்துப்போகும். தெருவில் ஓடும் பெரும்பாலான வி8-களில் கதை குளறுபடி. மொத்தமாகப் பார்த்தால் 90 டிகிரிக்கு ஒன்று என்று ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு சிலிண்டர் அடுத்தடுத்து முட்டிக்கொள்ளும், பிறகு ஒரு நீண்ட இடைவெளி வரும். வி8-இன் அந்தப் பிரபலமான குடுகுடு உறுமல் இந்த ஒழுங்கின்மையின் சத்தம்தான். இடப்பக்கத்து இடைவெளியை வலப்பக்கத்து மூச்சு நிரப்பட்டும் என்றுதான் எக்ஸ் பைப் வைக்கிறார்கள். அது சத்தத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கும். எச் பைப் அந்த அடித்தொண்டை உறுமலை அதிகம் விட்டுவைக்கும்.

இரண்டு சிலிண்டர் பைக்குக்கு இரண்டு சைலன்சர் பொருத்தமானதுதான். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இல் கிராங்க் 270 டிகிரி என்பதால், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 270, பிறகு 450 என்று மாறிமாறி வரும். தாளம் தவறிய அந்த நடைதான் அதன் குரல். சில இரட்டைச் சிலிண்டர் பைக்குகளில் இன்ஜினுக்கு அடியில் ஒரு இணைப்புக் குழாய் மறைந்திருக்கும். பார்வைக்கு இரண்டு, மூச்சுக்கு ஒன்று. அதை வெட்டி எறியாதீர்கள்.

ஒற்றை சிலிண்டர், எக்ஸாஸ்ட் வாயும் ஒன்று என்றால்? நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு 50 மூச்சு. உதவிக்கு வர இன்னொரு சிலிண்டர் இல்லை. அந்த ஒரு மூச்சைப் போய் இரண்டாகப் பிரிப்பது அழகுக்கு மட்டும்தான். அழகும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. காசைக் கொடுக்கும்போது அது அழகுக்கான காசு என்று தெரிந்து கொடுங்கள்.

இங்கேயே 'பேக் பிரஷர்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்பார்கள். எந்த இன்ஜினும் அடைப்பைக் கேட்பதில்லை. அதற்கு வேண்டியது புகையின் வேகம். குழாய் தேவைக்கு மேல் பெருத்தால் புகை மெதுவாகிறது, சீக்கிரம் ஆறுகிறது, உறிஞ்சும் அலை வலுவிழக்கிறது. கீழ் வேகத்தில் இழுவை போய்விடுகிறது. அடைப்பு குறைந்ததால்தான் இழுவை போனது என்று தவறாக முடிவு செய்துவிடுகிறோம்.

மூன்றாம் படி: விட்டக் கணக்கு

என் பைக்கில் நான் செய்யாமல் விட்டது இந்தக் கணக்கைத்தான். 50 மி.மீ. உள்விட்டம் உள்ள ஒரு குழாயின் பரப்பு சுமார் 1,960 சதுர மி.மீ. அதே அளவில் இரண்டு வைத்தால் 3,925. அதாவது 71 மி.மீ. குழாய் ஒன்றை மாட்டியதற்குச் சமம். பழைய பரப்பே வேண்டுமென்றால் இரண்டும் சுமார் 35 மி.மீ. இருக்க வேண்டும். சுருக்கமான வழி: ஒற்றைக் குழாயின் விட்டத்தை 1.41-ஆல் வகுங்கள்.

பரப்பு சமமானாலும் கணக்கு தீரவில்லை. இரண்டு சின்னக் குழாய்களின் சுவர் ஒரு பெரிய குழாயின் சுவரைவிட 1.41 மடங்கு. உரசல் அதிகம், சூடு இறங்குவதும் அதிகம். அப்படியானால் இரட்டை எங்கேதான் ஜெயிக்கிறது? பெரிய இன்ஜினுக்கு வேண்டிய அளவு தடித்த ஒற்றைக் குழாயைக் காரின் அடியில் தரையில் இடிக்காமல் கொண்டுபோக முடியாத இடத்தில். இரட்டைக்கு நான் ஒத்துக்கொள்ளும் முதல் காரணம் இட நெருக்கடி. பவர் அதற்குப் பிறகுதான்.

விற்கிறவர் சொல்வது பெரும்பாலும் வெளிவிட்டம். 1.5 மி.மீ. தகடு என்றால் 50 என்று சொன்ன குழாயின் உள்விட்டம் 47. பரப்பில் 12 சதவீதம் போய்விடும். வெர்னியர் காலிப்பர் கையோடு இருக்கட்டும்.

நான்காம் படி: எதற்காக மாற்றுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

பவர், சத்தம், தோற்றம், எடை, துருப்பிடித்த பழசுக்குப் பதில். ஐந்தில் ஒன்றை முதலிடத்தில் எழுதுங்கள். எடை என்றால் விஷயம் எளிது: ஒற்றை. துருவுக்குப் பதில் என்றால் கம்பெனி போட்டதையே போடுங்கள். பவர் என்றால் ஒரே மேடு, ஒரே கியர், ஒரே ஆரம்ப வேகம் என்று வைத்து, மாற்றுவதற்கு முன்பே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலவே தோன்றும். காதை நம்ப வேண்டாம், கடிகாரத்தை நம்புங்கள்.

சத்தம்தான் முதல் காரணம் என்றால் கொஞ்சம் விவரம். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு வாய்கள் சேர்ந்தால் கூடுவது சுமார் 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும். ஆக, வாய் இரண்டானதால் வண்டி கத்துவதில்லை, உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்பான பேஃபிளை யாரோ எடுத்ததால் கத்துகிறது. நிறுத்தி வைத்துச் செய்யும் சத்தச் சோதனையில் மைக்கை வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். வாய்களுக்கு இடையே 0.3 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, அதிகமானதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் மட்டும் அடக்கமாக இருந்து பயனில்லை. மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா. விதிகள் உண்டு, பைக்குக்கு 92, காருக்கு 59. அங்கீகாரம் பெற்றதில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது என்று வாங்கும் முன் பாருங்கள்.

இன்னொன்று, காருக்குள் வரும் ரீங்காரம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 சுற்றில் நொடிக்கு 100 மூச்சு விடும். அந்த 100 ஹெர்ட்ஸ் காரின் கூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் நீண்ட பயணத்தில் மண்டையைப் பிளக்கும். நின்ற இடத்தில் முறுக்கிக் காட்டும் வீடியோவை வைத்து சைலன்சர் வாங்காதீர்கள். அதை மாட்டிய வண்டியில் ஏறி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் அரை மணி நேரமாவது போய்ப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வாங்கும் முன் தடைகளைத் தேடுங்கள்

காரில் முதல் தடை சென்சார். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கவே 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதை இன்ஜினைவிட்டுத் தள்ளி வைத்தால் சூடேற நேரமாகும், மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியலாம். பி0420, பி0430 என்ற பிழைக் குறியீடுகள் வந்தால் முறையே முதல் பக்கத்து, இரண்டாம் பக்கத்து கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. என் கருத்து: கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் மட்டும் மாற்றுங்கள். சட்டச் சிக்கலும் குறையும், இன்ஜின் டியூனிங்கும் பெரும்பாலும் கலையாது.

அடுத்து இடம். ஸ்டெப்னி தொட்டி, பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், பின் ஆக்சில் மேலும் கீழும் ஆடும் தூரம். புது சைலன்சர் தொங்க ரப்பர் ஹேங்கர் மாட்ட அந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்பதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

பைக்கில் செயின் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ஒற்றை சைலன்சர் பைக்குகளில் அது பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இருப்பது சும்மா இல்லை. சைடு ஸ்டாண்ட் மடங்குமா, ஸ்விங்ஆர்ம் முழுக்க ஏறும்போது இடிக்குமா, பஞ்சர் ஆனால் ஆக்சிலை உருவ வழி இருக்குமா, பின்னால் உட்காருபவர் கால் சுடுமா, பக்கப் பை மாட்ட முடியுமா? ஒவ்வொன்றையும் வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டி வரலாம், இன்ஜெக்ஷன் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் பெட்ரோல் கணக்கை, அதாவது இசியு மேப்பை. ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட் என்று வெடித்தால் பெட்ரோல் குறைவு என்று உடனே ஜெட்டை மாற்றப் போகாதீர்கள். மூட்டு வழியாகக் காற்று உள்ளே இழுத்தாலும் இதே சத்தம்தான்.

துரு பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடானால் ஆவியாகப் போய்விடும், சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கும். இரட்டையில் சூடு இரண்டாகப் பிரிவதால் ஈரம் காய நேரமாகும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் இரட்டை வைத்தால் உள்ளிருந்தே அரிக்கும். சைலன்சரின் அடியில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் அதை ஓட்டை என்று வெல்டு வைத்து அடைக்காதீர்கள், அது தண்ணீர் வடியத்தான். உலோகத்தில் 304 ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும், 409 அதற்கு அடுத்தபடி. காந்தம் 409-இல் ஒட்டும், 304-இல் அநேகமாக ஒட்டாது. கடையில் ஒரு குட்டிக் காந்தம் பொய் சொல்லாது.

ஆறாம் படி: மாட்டுவது

முந்தின இரவே குழாயை ஹெட்டோடு பிடித்திருக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட்களில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்துவிடுங்கள். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். கழற்றும் முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். ரப்பர் ஹேங்கர் வர மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டில் பழையதை மறுபடி போடாதீர்கள். எல்லா நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, குழாய்களை நேர் செய்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் மொத்த இழுவிசையும் ஸ்டட் மேல் விழும், சில மாதத்தில் குழாய் விரிசல் விடும். இரட்டையில் இந்தத் தவறு இரு மடங்கு சுலபம், ஒரு பக்கம் சரியாக வந்ததும் மற்றதைப் பலவந்தமாக இழுத்து மாட்டிவிடுவோம்.

ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் முதல் சூட்டில் எரிந்து கறையாகப் பதிந்தால் பிறகு போகாது. முதல் ஸ்டார்ட் திறந்தவெளியில்தான். ஷெட்டுக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மயங்கிய பிறகுதான் தெரியும்.

ஆறிய இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடம் நுரைக்கும். டிக் டிக் என்று ஹெட் பக்கம் கேட்டால் கேஸ்கட். தனித்தனி குழாய் உள்ள வண்டியில் ஒரு வசதி உண்டு. சூடு அளக்கும் லேசர் தெர்மாமீட்டரை இரண்டு பெண்ட் பைப்பிலும் ஒரே இடத்தில் காட்டுங்கள். ஒன்று மட்டும் மிகவும் ஆறிக் கிடந்தால் அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒரு வாயில் மட்டும் கரி அப்பியிருந்தாலும் அந்தப் பக்கம்தான் நோயாளி. ஒற்றைக் குழாயில் எல்லாம் கலந்து வருவதால் இவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்காது.

நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முழுக்க ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். அதே மேட்டில், அதே கியரில் மறுபடி நேரம் எடுங்கள்.

கழற்றிய பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். செங்குத்தாக நிறுத்தி உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிட்டு, வெயிலில் காயவைத்து, வாய்களில் எண்ணெய்த் துணியைத் திணித்து வையுங்கள். அதன் நட்டு, போல்ட், புஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு சைலன்சரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். என் பைக்குக்குப் பழைய ஒற்றை சைலன்சரைத் திருப்பி மாட்டியபோது, எங்கேயோ வைத்துவிட்ட இரண்டு புஷ்களைத் தேடியதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.